லாபம் ஏறுது, கையில காசு சேரல: இந்தப் பங்கை மேற்கொண்டு எப்படி ஆராய்வது?

சிறுவாட்டுக்காசு (கேள்வி)

வணக்கம். வார்ப்பட உதிரிபாகம் செய்யுற ஒரு சின்ன கம்பெனி. பேரைச் சொன்னா டிப்ஸ் மாதிரி ஆயிடும், அதனால விட்டுடறேன். ஸ்க்ரீனர் தளத்துல கன்சாலிடேட்டட் (துணைக் கம்பெனிகளையும் சேர்த்த) கணக்குல எடுத்த எண்கள் இவை, எல்லாமே கோடி ரூபாய்.

அஞ்சு வருஷத்துல விற்பனை 410-லிருந்து 690. நிகர லாபம் வருஷவாரியா 22, 26, 33, 43, 51. ஆக மொத்தம் 175. அதே அஞ்சு வருஷத்துல செயல்பாட்டுப் பணவரத்து (தொழில் நடத்தி நிஜமா கைக்கு வந்த பணம்) மொத்தம் 74 தான். வரவேண்டிய பாக்கி 118-லிருந்து 236. கடன் 40-லிருந்து 140. ரொக்கமும் எஃப்டியும் 20-லிருந்து 95. இயந்திரம், கட்டடத்துக்குப் போட்டது 120. கட்டின வட்டி 58, டிவிடெண்ட் 11. ரெண்டு வருஷம் முன்னாடி பிரிஃபரன்ஷியல் முறையில (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும்) புதுப் பங்கு கொடுத்து 90 திரட்டியிருக்காங்க. ப்ரோமோட்டர் (முதலாளி தரப்பு) பங்கு 54%, பங்கு அடமானம் 18%. பி.இ. (பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு) 16.

கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா 175-க்கும் 74-க்கும் ஏன் இவ்வளவு தூரம்னு புரியல. ஆண்டறிக்கை 380 பக்கம். எங்க ஆரம்பிக்கறது, எந்த இடத்துல "இது வேண்டாம்"னு மூடி வைக்கலாம்?

கணக்கப்பிள்ளை

நீங்கள் நினைப்பதைவிட இடைவெளி பெரியது.

இந்த் ஏஎஸ் 7 என்ற கணக்குத் தரத்தின்படி, கட்டிய வட்டியைச் செயல்பாட்டுப் பணவரத்தில் கழிக்க மாட்டார்கள். அது கீழே "நிதி நடவடிக்கைகள்" பகுதிக்குப் போய்விடும். (வங்கி, நிதி நிறுவனங்களுக்கு வேறு முறை.) நிகர லாபமோ வட்டி போக மிஞ்சியது. ஆகவே கடனுள்ள கம்பெனியில் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் பணவரத்து உண்மையைவிட அழகாகத் தெரியும். 74-இல் வட்டி 58-ஐக் கழியுங்கள்: 16. லாபக் கணக்கில் தேய்மானம் வேறு செலவாகக் கழிந்திருக்கிறது, அதற்குப் பணம் வெளியே போவதில்லை. எனவே நியாயப்படி பணவரத்து லாபத்தைவிடக் கூடுதலாக வர வேண்டும். இங்கே 175 எங்கே, 16 எங்கே.

(கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் கம்பெனி என்றால் வாடகையையும் கழிக்க வேண்டும். 2019 ஏப்ரலில் வந்த இந்த் ஏஎஸ் 116-க்குப் பிறகு குத்தகை வாடகையும் கீழ்ப்பகுதிக்குப் போய்விட்டது. உங்கள் கம்பெனிக்கு இது பெரிதாகப் பொருந்தாது.)

அடுத்து, பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று ஐந்து வருடத்தையும் ஒரே வருடமாக நினைத்து எழுதிப் பாருங்கள். வந்தது: செயல்பாடு 74, புதுக் கடன் 100, புதுப் பங்கு 90. மொத்தம் 264. போனது: வட்டி 58, இயந்திரம் 120, டிவிடெண்ட் 11. மொத்தம் 189. மிச்சம் 75. ஆரம்ப ரொக்கம் 20-ஐச் சேர்த்தால் 95. கூட்டல் சரியாக வருகிறது. அது நல்ல சேதி. ஆனால் அர்த்தத்தைக் கவனியுங்கள்: தொழிற்சாலை விரிவாக்கம் நடந்தது கடனிலும் புதுப் பங்குதாரர் பணத்திலும்தான். தொழில் தந்த 16 கோடியில் டிவிடெண்ட் 11 போனது. மீதி 5.

மூன்றாவதாகப் பாக்கி நாட்கள். 236-ஐ 690-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 125 நாள் வரும். இதில் ஒரு பிழை எல்லோரும் செய்வது: பாக்கித் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், விற்பனைத் தொகையில் இருக்காது. வரி 18% என்று வைத்து 236-ஐ 1.18-ஆல் வகுத்தால் 200. அப்போது 106 நாள். ஐந்து வருடம் முன்பு அதே முறையில் 89 நாள். ஏற்றுமதிக்கு இந்தத் திருத்தம் வேண்டாம். திருத்திய பிறகும் 17 நாள் கூடியிருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலையில் பாதி.

கடைசியாக அந்த 95 கோடி. லாபநட்டக் கணக்கில் "இதர வருமானம்" குறிப்பைத் திறந்து வட்டி வருமானம் எவ்வளவு என்று பாருங்கள். வருட ஆரம்பம், முடிவு இரண்டின் சராசரி ரொக்கத்தால் வகுங்கள். 6%, 7% வந்தால் சரி. 2% வந்தால் பணம் மார்ச் 31 அன்று மட்டும் வந்து போகும் விருந்தாளியாக இருக்கலாம். லிக்விட் ஃபண்ட் என்ற குறுகிய கால மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தால் வருமானம் வட்டியாக வராது, மதிப்பு உயர்வாக வேறு வரியில் இருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடியில் 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதப்படி, புத்தகத்தில் இருந்த 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லாத பணம். இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டி வேறு சேர்ந்ததாக எழுதியிருந்தார்கள். ஆகவே வட்டி சரியாக இருந்தாலே பணம் உண்டு என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் வட்டி குறைவாக இருந்தால் கண்டிப்பாகக் கேள்வி கேளுங்கள்.

மஞ்சக்கடுதாசி

380 பக்கத்துல முன்னாடி 120 பக்கம் கலர் படம், தலைவர் உரை, மரம் நட்ட போட்டோ. அதைக் கடைசியா படிங்க, படிக்காட்டியும் குத்தமில்ல.

தணிக்கையாளர் அறிக்கையில ஆரம்பிங்க. முதல் பத்தியில கருத்து எப்படி வந்திருக்குன்னு பாருங்க. "நிபந்தனைக்குட்பட்ட கருத்து"ன்னு இருந்தா எதுக்காகன்னு படிச்சுட்டு, பெரிய தொகைன்னா அங்கேயே மூடிடலாம். "எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்"னு தனிப் பத்தி இருந்தா, ஆடிட்டர் நம்ம கையைப் பிடிச்சு ஒரு குறிப்பு எண்ணைக் காட்டுறார்னு அர்த்தம். கன்சாலிடேட்டட் அறிக்கையில "அதர் மேட்டர்ஸ்" பத்தியைத் தவற விடாதீங்க. எந்தெந்த துணைக் கம்பெனியை இவர் தணிக்கை செய்யல, அதுல விற்பனை எவ்வளவு, சொத்து எவ்வளவுன்னு அங்கதான் இருக்கும். லாபத்துல பாதி இன்னொரு நாட்டுல இருக்குற, இவர் பார்க்காத துணைக் கம்பெனியில இருந்தா, நீங்க படிக்கிறது பாதி அறிக்கைதான்.

அப்புறம் பின்னிணைப்பா வர்ற காரோ 2020, அதாவது ஆடிட்டர் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டிய பட்டியல். ஸ்டாண்டலோன் (தாய்க் கம்பெனி மட்டும்) அறிக்கையோட இருக்கும். நாலஞ்சு பக்கம்தான், ஆனா மொத்தப் புத்தகத்துலயும் சத்து இங்கதான். நீங்க தேட வேண்டியது: 5 கோடிக்கு மேல ஒர்க்கிங் கேபிடல் லிமிட் (அன்றாட ஓட்டத்துக்கான பேங்க் கடன் வரம்பு) வாங்கியிருந்தா, காலாண்டுக்கு ஒருதரம் பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக், பாக்கிக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போகுதான்னு ஆடிட்டர் சொல்லணும். பேங்குக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்குன்னா வித்தியாசத் தொகையோட அங்க பட்டியல் இருக்கும். ஸ்டாக் எண்ணினப்போ 10% அல்லது அதுக்கு மேல வித்தியாசமா, ஆறு மாசத்துக்கு மேல பிஎஃப், ஜிஎஸ்டி கட்டாம நிக்குதா, குறுகிய காலக் கடனை எடுத்து நீண்ட கால வேலைக்குப் போட்டிருக்காங்களா, நடுவுல விலகின ஆடிட்டர் ஏதும் ஆட்சேபம் எழுப்பினாரா, எல்லாத்துக்கும் தனித்தனி உட்பிரிவு உண்டு.

ஆடிட்டர் மாறினாலே பதறாதீங்க. 2013 கம்பெனிச் சட்டப்படி லிஸ்டட் கம்பெனியில ஒரு தணிக்கை நிறுவனம் அஞ்சஞ்சு வருஷமா ரெண்டு தவணை, பத்து வருஷம்தான் இருக்க முடியும். தவணை முடியுறதுக்குள்ள நடுவுல எழுந்து போனாத்தான் கவனிக்கணும். மன்பசந்த் பெவரேஜஸ்ங்கற பானக் கம்பெனியில 2018 மே மாசம், ஆண்டு முடிவு வர்ற நேரத்துல, கேட்ட தகவல் கிடைக்கலன்னு ஆடிட்டர் டெலாய்ட் விலகுச்சு. பங்குக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு விலை வரைபடத்துல பார்த்துக்கங்க.

நோட்ஸ் பகுதியில மூணே மூணு தேடல் போதும், பிடிஎஃப்-ல தேடற வசதி வேலை செய்யும்: "ரிலேட்டட் பார்ட்டி" (ப்ரோமோட்டரோட தொடர்புள்ளவங்க), "கன்டிஞ்சென்ட்" (பின்னாடி தலையில விழக்கூடிய பொறுப்பு), "ஏஜிங்" (பாக்கியோட வயசு). 2021-22 கணக்கிலிருந்து பாக்கியோட வயசுப் பட்டியல் கட்டாயம். ஆறு மாசத்துக்குள்ள, ஒரு வருஷத்துக்குள்ள, ரெண்டு, மூணு, அதுக்கு மேலன்னு கட்டம் கட்டமா இருக்கும். முடியாம கிடக்குற கட்டுமான வேலைக்கும் இதே மாதிரி பட்டியல் உண்டு.

அடமானம் 18%ங்கறது எதுல 18%? ப்ரோமோட்டர் பங்குல 18%ன்னா கம்பெனியோட மொத்தப் பங்குல 9.7% தான். மொத்தப் பங்குல 18%ன்னா, ப்ரோமோட்டர் கையில இருக்குறதுல மூணுல ஒரு பங்கு பணயத்துல இருக்கு. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமா போடும். பிஎஸ்இ தளத்துல ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் திறந்து மூலத்தைப் பாருங்க. அதுக்கும் மேல, எதுக்காக அடகு வச்சாங்கங்கறது முக்கியம். கம்பெனி கடனுக்கே கூடுதல் ஜாமீனா கொடுத்தது ஒரு ரகம். ப்ரோமோட்டர் வேற தொழிலுக்கு வாங்கின கடன்னா, விலை இறங்கினதும் கடன் கொடுத்தவன் சந்தையில வித்துத் தள்ளுவான்.

பட்டறை

எல்லாம் சரிங்க. ஆனா பாக்கி ஏறினதும் திருட்டுன்னு போயிட வேண்டாம். வார்ப்படத் தொழில்ல பெரிய வண்டிக் கம்பெனிக்குச் சப்ளை பண்ணினா 60 நாள், 90 நாள் கடன் சாதாரணம். ஏற்றுமதின்னா கப்பல்ல ஒரு மாசத்துக்கு மேல, அங்க கிடங்குல கொஞ்ச நாள், அப்புறம்தான் பணம். ஏற்றுமதிப் பங்கு கூடினாலே நாள் தானா கூடும். அதனால பாக்கி மட்டும் பார்க்காம ஸ்டாக்கையும் சேர்த்துப் பாருங்க. எதிர்ப்பக்கம் நாம கொடுக்க வேண்டிய பாக்கி எத்தனை நாள்னும் பாருங்க. அதுல "அக்செப்டன்ஸ்"னு தனி வரி இருந்தா அது சப்ளையர் கொடுத்த கடன் இல்ல, எல்சி (பேங்க் தர்ற பண உத்தரவாதக் கடிதம்) மூலமா பேங்க் தாங்குற பணம். கடனோட சேர்த்து எண்ணிக்கங்க.

காரணம் தெரியணும்னா ரெண்டு இடம். ஒண்ணு, காலாண்டு முடிவுக்கு அப்புறம் நடக்குற கான்ஃபரன்ஸ் காலோட எழுத்து வடிவம். சின்ன கம்பெனியில அது இல்லாமலும் போகலாம். இன்னொண்ணு, பலபேர் தொடாத பொக்கிஷம்: கிரிசில், இக்ரா, கேர் மாதிரி ரேட்டிங் நிறுவனங்கள் தங்கள் தளத்துல இலவசமா போடுற விளக்க அறிக்கை. மூணு நாலு பக்கம். முதல் அஞ்சு வாடிக்கையாளர்கிட்ட எத்தனை சதவீத விற்பனை, கடந்த 12 மாசத்துல பேங்க் லிமிட்ல சராசரி எத்தனை சதவீதம் எடுத்தாங்க, அடுத்த விரிவாக்கத்துக்கு எவ்வளவு, பெரும்பாலும் எல்லாம் அதுல இருக்கும். லிமிட்ல 95% எடுத்து ஓட்டுறவங்க ஒருபக்கம் 95 கோடி ரொக்கமும் வச்சிருக்கறதா சொன்னா, ரெண்டுல ஒண்ணைக் கேள்வி கேட்கணும். "தகவல் தர ஒத்துழைக்கவில்லை"ன்னு ரேட்டிங் பக்கத்துல போட்டிருந்தா மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஆனா ரேட்டிங் எழுத்தையே நம்பிடாதீங்க. ஐஎல் அண்ட் எஃப்எஸ்ங்கற பெரிய நிதி நிறுவனம் 2018-ல தவணை தவறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ஏஏஏ (உச்ச ரேட்டிங்) வாங்கியிருந்துச்சு. எழுத்து வேண்டாம், எண்கள் மட்டும் எடுத்துக்கங்க.

பி.இ. 16-ஐப் பத்தி ஒரு வார்த்தை. இது ஏறி இறங்குற தொழில். லாபம் உச்சத்துல இருக்கும்போதுதான் பி.இ. குறைவா தெரியும். டாடா ஸ்டீல் 2021-22-ல கன்சாலிடேட்டட் லாபம் 41,749 கோடி, அப்போ பி.இ. சுமார் 4. அடுத்த வருஷ லாபம் 8,075 கோடி. அதுக்கடுத்த வருஷம் நஷ்டம். மலிவுன்னு வாங்கினது எந்த லாபத்தை வச்சு? பத்து வருஷ சராசரி லாப விகிதத்தை இன்னைக்கு விற்பனைக்குப் போட்டுப் பார்த்து, அந்த லாபத்துக்கு விலை எத்தனை மடங்குன்னு கணக்கு போடுங்க.

சிறுவாட்டுக்காசு

ரொம்ப நன்றி, மூணு பேருக்கும். சொன்ன வரிசையில பார்த்தேன். தணிக்கைக் கருத்துல நிபந்தனை ஏதும் இல்ல, காரோவுல பேங்க் கணக்கு ஒத்துப்போகுதுன்னு இருக்கு. அடமானம் ப்ரோமோட்டர் பங்குல 18%, கம்பெனி கடனுக்கு ஜாமீன்னு போட்டிருக்கு.

ரெண்டு விஷயம் இடிக்குது. வட்டி வருமானம் 2.1 கோடி. போன வருஷ முடிவுலயும் ரொக்கம் 90 கிட்ட இருந்ததால 2.3% தான் வருது. இன்னொண்ணு, ரிலேட்டட் பார்ட்டி குறிப்புல ப்ரோமோட்டர் குடும்பத்தோட வியாபார நிறுவனம் ஒண்ணு. அதுக்கு இந்த வருஷம் வித்தது 96 கோடி, வர வேண்டியது 71 கோடி. அஞ்சு வருஷம் முன்னாடி அந்தப் பேரே இல்ல.

கணக்கப்பிள்ளை

அப்படியானால் 106 நாள் என்ற சராசரியைப் பிரித்துவிடலாம். 236-இல் 71 போனால் 165, ஜிஎஸ்டி நீக்கி 140. விற்பனை 690-இல் 96 போனால் 594. வெளி வாடிக்கையாளர் பாக்கி 86 நாள். ஐந்து வருடம் முன்பு 89. அதாவது அந்தப் பக்கம் ஒன்றும் மாறவில்லை, பட்டறை சொன்ன 60–90 நாளுக்குள்தான் இருக்கிறது. குடும்ப நிறுவனம்: 71-ஐ 1.18-ஆல் வகுத்தால் 60, விற்பனை 96. பாக்கி 229 நாள்.

கூடிய நாட்கள் அத்தனையும் ஒரே இடத்தில். இனி கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சரக்கு கடைசியில் யாரிடம் போனது? குடும்ப நிறுவனத்தின் கிடங்கில் கிடந்தால், நீங்கள் பார்க்கும் லாபத்தில் ஒரு பகுதி இன்னும் விற்காத சரக்கு.

இதற்கு ஆவணம் இருக்க வேண்டும். இந்த அளவு கம்பெனிக்கு ஆண்டு விற்பனையில் 10%-ஐத் தாண்டிய உறவினர் (ரிலேட்டட் பார்ட்டி) பரிவர்த்தனைக்குப் பங்குதாரர் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் லிஸ்டிங் விதி. 96 கோடி அதைத் தாண்டும். பிஎஸ்இ அறிவிப்புகளில் ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ் அல்லது தபால் வாக்கு நோட்டீஸ் தேடுங்கள். விளக்கக் குறிப்பில் எதற்காக, எந்த விலைக்கு, எவ்வளவு காலம் என்று எழுதியிருக்க வேண்டும். தொடர்புடையவர்கள் அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களிக்க முடியாது. வாக்கு முடிவிலும் நிறுவன முதலீட்டாளர் எத்தனை சதவீதம் எதிர்த்தார்கள் என்று தனி வரி இருக்கும். நோட்டீஸே கிடைக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

வட்டி 2.3% பற்றி: எஃப்டி எல்சிக்கு மார்ஜினாகப் பூட்டியிருந்தாலும் வட்டி வரும், ஆகவே அந்தச் சமாதானம் செல்லாது. இந்த 90 கோடி திரட்டல் 100 கோடிக்குக் கீழே நின்றதையும் கவனியுங்கள். 100-ஐத் தாண்டினால்தான், பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் கண்காணிப்பு முகமை கட்டாயம். அதற்காக ஆவணமே இல்லாமல் போகாது. திரட்டிய பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனதா என்று காலாண்டுதோறும் "டீவியேஷன் ஸ்டேட்மென்ட்" தாக்கல் செய்திருப்பார்கள். அதில் செலவானதாகக் காட்டிய தொகையையும் இந்த ரொக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவாகிவிட்டது என்று அங்கே சொல்லிவிட்டு இங்கே ரொக்கமாகவும் காட்டினால், என்னைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

வட்டிக்கடை

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். இதையெல்லாம் அப்படியே ஒரு பேங்க் பங்குக்குப் போட்டுப் பார்க்கலாமா? என் கணக்குல செயல்பாட்டுப் பணவரத்து மைனஸ்ல வருது.

மஞ்சக்கடுதாசி

வேண்டாங்க. பேங்குக்குக் கடன் கொடுக்கறதே செயல்பாடு, டெபாசிட் வாங்கறதும் செயல்பாடு. மைனஸ் வந்தாலும் ப்ளஸ் வந்தாலும் அர்த்தமில்ல. அங்க வாராக்கடன், புதுசா அந்தப் பட்டியல்ல விழுந்தது, ஒதுக்கீடு, டெபாசிட்ல காசா விகிதம் (நடப்பு, சேமிப்புக் கணக்குகளோட பங்கு), மூலதனப் போதுமை பாருங்க. அதோட ரிசர்வ் பேங்க் கண்டுபிடிச்ச வித்தியாசத்தைச் சொல்ற "டைவர்ஜென்ஸ்" குறிப்பு இருக்கான்னு தேடுங்க. யெஸ் பேங்க் 2015-16-க்குக் காட்டின மொத்த வாராக்கடன் 749 கோடி, ரிசர்வ் பேங்க் எண்ணினது 4,926 கோடி. அடுத்த வருஷம் 2,018-க்கு எதிரா 8,373. அந்த பேங்க் முடங்கின 2020 மார்ச்சுக்கு ரொம்ப முன்னாடியே அச்சுல இருந்த எண்கள் இவை. தனி இழை போடுங்க, விவரமா பேசலாம்.

சிறுவாட்டுக்காசு

கணக்கப்பிள்ளை சார், நோட்டீஸ் கிடைச்சுது. "ஏற்றுமதி வியாபாரத்துக்காக, சந்தை விலைக்கு"ன்னு ரெண்டே வரி. எந்த நாடு, யார் வாங்குறாங்கன்னு இல்ல. நிறுவன முதலீட்டாளர்கள்ல 64% எதிர்ப்பு, ஆனா சில்லறைப் பங்குதாரர் வாக்குல தீர்மானம் நிறைவேறிடுச்சு. டீவியேஷன் ஸ்டேட்மென்ட்ல 90-ல 31 தான் செலவு, மீதி எஃப்டின்னு இருக்கு. இப்ப என்ன பண்ணலாம்?

பட்டறை

மீதி 59 எஃப்டின்னா அதுக்கு மட்டுமே 3.5 கோடிக்கு மேல வட்டி வந்திருக்கணுமே, வந்தது மொத்தமே 2.1 தான். கம்பெனி செக்ரட்டரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்க, இந்த ஒரு கேள்வி மட்டும்: எஃப்டி எந்தத் தேதியில போட்டது, எந்த வட்டிக்கு. குடும்ப நிறுவனத்தைப் பத்தி அதுலயே கேட்காதீங்க, பத்து கேள்வி அனுப்பினா சுலபமான ஒண்ணுக்கு மட்டும் பதில் வரும்.

கணக்கப்பிள்ளை

நான் இப்போது வாங்க மாட்டேன். பட்டியலிலிருந்தும் நீக்க மாட்டேன். செப்டம்பர் காலாண்டு முடிவு நவம்பர் 14-க்குள் வர வேண்டும். அதோடு அரையாண்டு இருப்புநிலையும் பணவரத்துக் கணக்கும் வரும். உறவினர் பரிவர்த்தனை அறிக்கையும் அதே நாளில் தாக்கல் ஆகும். அதில் குடும்ப நிறுவனத்தின் ஆரம்ப பாக்கி, முடிவு பாக்கி இரண்டும் இருக்கும். 71 என்பது 40-க்கு இறங்கி, ரொக்கமும் கூடவே ஏறியிருந்தால் மறுபடி பேசலாம். பாக்கி 71-லேயே நின்று, ரொக்கம் மட்டும் மார்ச்சில் இருந்ததைவிடப் பாதியாகியிருந்தால் மின்னஞ்சலுக்குப் பதில் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.